பூட்டிய வீடும் கடல் கடந்த உரிமையாளரும்



வில்லியனூர், பாகூர் வட்டாரங்களில் பல கிராமத்துத் தெருக்களில் பூட்டிய வீடு ஒன்றேனும் கண்ணில் படும். திண்ணையில் சருகு குவிந்திருக்கும். ஓட்டுக் கூரையின் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருக்கும். வாசற் கதவில் துருவேறிய பூட்டுத் தொங்கும். யாருடைய வீடு என்று கேட்டால், "அது சொல்தா வீடு, அவர்கள் எல்லாரும் பிரான்சில் இருக்கிறார்கள்" என்று பதில் வரும். அதே தெருவில் ஒற்றை அறை வாடகை வீட்டில் பிள்ளைகளோடு முட்டி மோதி வாழும் குடும்பமும் இருக்கும். அந்தக் குடும்பத் தலைவரின் பார்வை அந்தப் பூட்டின் மேல் விழுவது இயல்பே. "சாமி, அந்த வீட்டை விலைக்குக் கேட்கலாமா? யாரிடம் கேட்பது? எப்படிக் கேட்பது?" என்று பங்குத்தந்தையிடம் வந்து வினவுவோர் பலர். இம்மாதம் இதைப் பற்றிச் சிறிது விரிவாகச் சிந்திப்போம்.

ஆசையில் தவறில்லை. ஆளின்றிக் கிடக்கும் வீட்டில் விளக்கெரிய வேண்டும் என்று விரும்புவது நல்ல விருப்பமே. ஆனால் ஆளில்லாத வீடு உரியவரில்லாத வீடு ஆகிவிடாது. இந்த வேறுபாட்டை மறந்தவர்கள் இருவகைத் துன்பத்துக்கு ஆளாகிறார்கள். சிலர் ஏமாற்றுகிறார்கள், பலர் ஏமாறுகிறார்கள். வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் கொடுத்துவிட்டு நீதிமன்ற வாசலில் நிற்கும் ஏழைக் குடும்பத்தின் கண்ணீர் சாதாரணமானதன்று.

இவ்வீடுகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன?

உரிமையாளரை அணுகுவதற்கு முன் அவர் யார், ஏன் போனார் என்று அறிந்திருப்பது நலம். 1881 செப்டம்பர் 21 அன்று பிறப்பிக்கப்பட்ட பிரெஞ்சு ஆணை ஒன்று, புதுவை மக்கள் விரும்பினால் தங்கள் சாதி, சமயம் சார்ந்த தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் கீழ் வர வழி செய்தது. அவ்வாறு துறந்தவர்களை 'ரெனோன்சான்' என்றார்கள். அதற்காக நின்றவர்களில் முதன்மையானவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. துறந்தவர்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயரைச் சூடிக்கொள்ள வேண்டும். அவர் சூடிக்கொண்ட பெயர் லாப்போர்த். இவ்வாறு பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வந்தவர்களில் பலர் இந்தோசீனாவுக்கு எழுத்தர்களாகவும் காவலர்களாகவும் படைவீரர்களாகவும் சென்றனர். சைகோனில் ஈட்டிய பணத்தில் ஊரில் மனை வாங்கி வீடு கட்டினர்.

பிறகு காலம் மாறியது. 1954 அக்டோபர் 18 அன்று, வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில், மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்ததில் 170 பேர் இந்தியாவுடன் இணைய ஒப்பினர். அதே ஆண்டு நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16 அன்று நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் அன்றிலிருந்து ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க அது இடமளித்தது. அப்படித் தெரிவித்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாரிசிலும் அதை அடுத்த சார்செல் போன்ற ஊர்களிலும் வாழ்கிறார்கள். தாத்தா கட்டிய வீடு இங்கே. பேரன் பிழைப்பு அங்கே. பூட்டின் கதை இதுதான்.

ஆகவே அந்த வீடு அவர்களுக்கு வெறும் மண்ணும் ஓடும் அன்று. அதை விலை கேட்பவர் ஒரு குடும்பத்தின் நினைவையும் சேர்த்தே விலை கேட்கிறார். இதை உணர்ந்து பேசத் தொடங்குபவருக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது எனலாம்.

உரிமையாளர் உண்மையில் யார்?

முதற் கேள்வி விலை அன்று. யார் விற்க உரியவர் என்பதே. ஊரார் சொல்லும் பெயர் ஒன்று, பத்திரத்தில் உள்ள பெயர் வேறொன்று, பிரான்சில் வழங்கும் பெயர் மற்றொன்றாக இருப்பது நம் பகுதியில் வழக்கம். பிரெஞ்சு எழுத்து முறையில் எழுதப்பட்ட தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்து முறையில் வேறாகத் தோன்றும். ஆதலால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று கேட்கும்போது பெயரை மட்டும் நம்பாமல், நில அளவை எண்ணைக் கொண்டு தேடுங்கள். நம் புதுவை எல்லை தொடர்ச்சியானதன்று. வில்லியனூரை விழுப்புரம் மாவட்டமும் பாகூரைக் கடலூர் மாவட்டமும் தொட்டுக் கிடக்கின்றன. ஆதலால் மனை எந்த எல்லைக்குள் உள்ளது என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நொத்தேர் முன் எழுதிய பத்திரங்கள் பிரெஞ்சு மொழியில் இருக்கும். அவற்றில் பரப்பளவு ஆர், சென்டியார் என்று குறிக்கப்பட்டிருக்கும். ஓர் ஆர் என்பது 100 சதுர மீட்டர். ஒரு சென்டியார் ஒரு சதுர மீட்டர். ஊரில் குழிக் கணக்கில் பேசி, பத்திரத்தில் ஆர்க் கணக்கைக் கண்டு, கடைசியில் வேலித் தகராற்றில் மாட்டிக்கொள்வோர் உண்டு. பிரெஞ்சு அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் பழைய பத்திரத்தை முழுமையாகப் படித்துப் பொருள் கேட்பது இன்றியமையாதது. கணவனை இழந்த மனைவிக்கு வாழ்நாள் முழுவதும் அவ்வீட்டை அனுபவிக்கும் பாத்தியதை எழுதி வைக்கப்பட்டிருக்கலாம். ஒற்றை வரியில் அது மறைந்திருக்கும். ஆனால் ஒரு கிரயத்தையே அது நிறுத்திவிடும்.

அடுத்தது வாரிசுரிமை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1963இல் புதுவைக்கு விரிவாக்கப்பட்டபோது ரெனோன்சான் குடும்பங்களுக்கு அது பொருந்தாது என்று விலக்களிக்கப்பட்டது. அவர்களுக்கு இங்கே இன்றும் பிரெஞ்சுக் குடிமைச் சட்டமே வழிகாட்டுகிறது. அச்சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. "பெண்களுக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்று, அண்ணன் தம்பி கையெழுத்துப் போதும்" என்று ஊரில் சொல்வார்கள். போதாது. ஒரு சகோதரியின் கையொப்பம் விடுபட்டால், அவள் பங்கு அவளிடமே இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், ஒரு பெண்ணின் பங்கை அவளுக்குத் தெரியாமல் வாங்கிய வீட்டில் நாம் எப்படி நிம்மதியாகக் கண்ணுறங்குவது?

இங்கே பங்கு ஆலயத்தைப் பற்றியும் ஒரு சொல். ஞானஸ்நானப் பதிவேட்டைக் காட்டும்படி முன்பின் அறியாதவர்கள் வருவதுண்டு. பதிவேடு ஒருவரின் திருமுழுக்கையும் திருமணத்தையும் காட்டும், சொத்துரிமையைக் காட்டாது. அது அந்தக் குடும்பத்துக்கு உரிய செய்தி, தரகர்களுக்கு உரியதன்று. வெளிநாட்டில் உள்ளவரின் முகவரியையும் அவ்வாறே எவருக்கும் கொடுப்பதற்கில்லை. ஆனால் நேர்மையான ஒருவர் கடிதம் எழுதிக் கொடுத்தால், ஊரில் உள்ள உறவினர் வழியாக அதைச் சேர்ப்பிக்க உதவலாம். பதில் எழுதுவதும் எழுதாததும் பெறுபவர் விருப்பம்.

ஒரு குடும்பத்தின் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். கணவர் தொழிற்பேட்டையில் கடைசல் வேலை செய்பவர். மனைவி தையல் தைப்பவர். பதினான்கு ஆண்டுகள் வாடகை வீட்டில் கழித்தவர்கள். எதிர்ச்சாரியில் இருந்த பூட்டிய வீட்டுக்குத் தம்மிடம் பவர் இருப்பதாகத் தரகர் ஒருவர் வந்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் உரிமையாளர் கையெழுத்திட்ட பொது அதிகாரப் பத்திரத்தின் நகலைக் காட்டினார். ஒரு வாரத்துக்குள் இரண்டு லட்சம் ரூபாய் முன்பணம் கேட்டார். தாமதித்தால் வேறொருவருக்குப் போய்விடும் என்றார். மனைவியின் தாலிச் சங்கிலி முதற்கொண்டு அடகுக்குப் போகத் தயாராயிற்று.

அவர்கள் அந்த நகலை என்னிடம் கொண்டுவந்தார்கள். பெயரைப் பார்த்தவுடன் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதம், இறந்தோர் நினைவாக, முதியவர் ஒருவர் தம் அண்ணனுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சொல்லிக் காணிக்கை தருவார். அந்த அண்ணன் பெயர்தான் நகலில் இருந்தது. "தம்பி, பவர் கொடுத்தவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன" என்றேன். அந்த அம்மாள் முகம் வெளுத்துப் போயிற்று. "அப்படியானால் அந்தக் காகிதம்?" என்றார். கொடுத்தவர் இறந்ததும் பொதுவாக அதிகாரமும் இறந்துவிடும் என்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் சொல்வது. தரகரைக் கேட்டபோது, இறந்த செய்தி தமக்குத் தெரியாது என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் முன்பணம் கொடுத்திருந்தால் அந்த உண்மையால் அவர்களுக்கு என்ன பயன்?

அதன் பின் அவர்கள் நேர்வழியைத் தேர்ந்தார்கள். இறந்தவரின் தங்கை மூலம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினார்கள். பிள்ளைகள் மூவர். மூத்தவர் பத்து நாளில் சம்மதம் தெரிவித்தார். இரண்டாமவர் மூன்று மாதம் மௌனமாயிருந்து பிறகு ஒப்பினார். கடைசி மகள் தொலைபேசியில், "அது அப்பா பிறந்த வீடு. ஒருமுறை வந்து பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்" என்றார். "ஓராண்டு காத்திருப்பதா!" என்று கணவர் சோர்ந்தார். "அவர் கேட்பது நியாயந்தானே, நம் அப்பா வீடாயிருந்தால் நாம் பார்க்காமல் கொடுப்போமா?" என்றார் மனைவி. காத்திருந்தார்கள். அடுத்த ஆகஸ்டில் அந்த மகள் வந்தார்; கதவைத் திறந்து தனியே அரை மணி நேரம் உள்ளே இருந்தார்; வெளியே வந்து சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். அதைப் பின்னர் கூறுகிறேன். முதற் கடிதத்திலிருந்து பத்திரப் பதிவு வரை பத்தொன்பது மாதங்கள் ஆயின.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

பலர் முதற் பேச்சிலேயே விலையைச் சொல்லிவிடுகிறார்கள். அல்லது வீட்டைக் குறை கூறித் தொடங்குகிறார்கள். "சுவர் இடிந்து கிடக்கிறது, சும்மா விட்டால் ஒன்றுக்கும் ஆகாது" என்று தொடங்கும் கடிதத்தை யார் விரும்பிப் படிப்பார்? நல்ல கடிதம் இவ்வாறு அமையலாம்:

"மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம். நாங்கள் தங்கள் தந்தையார் வீட்டுக்கு எதிரில் பதினான்கு ஆண்டுகளாகக் குடியிருப்பவர்கள். தங்கள் அத்தையார் வழியாக இதை அனுப்புகிறோம். அவ்வீட்டை விற்கும் எண்ணம் தங்களுக்கும் தங்கள் உடன்பிறந்தோருக்கும் இருக்குமானால், வாங்கிக் குடியிருக்க நாங்கள் விரும்புகிறோம். விற்கும் எண்ணம் இல்லையெனில் அதனால் எங்களுக்கு வருத்தமில்லை. எங்களுக்காக யாரும் தரகு பேசவில்லை. சென்ற மழையில் பின்புற ஓடு சரிந்துள்ளது. தாங்கள் அறிய வேண்டும் என்பதற்காகத் தெரிவிக்கிறோம். தங்கள் அனுமதியின்றி நாங்கள் எதையும் தொடவில்லை. தங்களுக்கு வசதியான போது பதில் எழுதினால் நன்றியுடையோம்."

இவ்வளவு போதும். கேட்பவர் யார், எவ்வாறு அறிந்தார், என்ன கேட்கிறார் என்பது தெளிவாகிறது. மறுக்கவும் இடம் விடப்பட்டிருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராமலிருக்கலாம். ஆகையால் பிரெஞ்சு அறிந்த ஒருவரைக் கொண்டு அதே கடிதத்தைப் பிரெஞ்சிலும் எழுதி இணைப்பது நலம். தொலைபேசியில் பேசுவோர் நேரத்தைக் கவனியுங்கள். கோடையில் பிரான்சு நமக்கு மூன்றரை மணி நேரம் பின்தங்கியது. குளிர்காலத்தில் நாலரை மணி நேரம். நம் காலை எட்டு மணி அவர்களுக்கு விடியாத பொழுது. ஜூலை, ஆகஸ்டு அங்கே பள்ளி விடுமுறைக் காலம்; குடும்பத்தோடு ஊருக்கு வரக்கூடிய மாதங்கள் அவை. நேரில் பேச வேண்டியவற்றை அதற்கென வைத்துக்கொள்ளலாம்.

அனுமதியின்றி வேலி கட்டுவதும், கிணற்றடியைச் சுத்தம் செய்கிறேன் என்று நுழைவதும், மாட்டைக் கட்டுவதும் வேண்டா. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குள்ள பெரிய அச்சமே, பன்னிரண்டு ஆண்டுகள் பிறர் கையில் இருந்தால் வீடு போய்விடும் என்பதுதான். உரிமையாளருக்கு எதிராகப் பன்னிரண்டு ஆண்டு கொண்ட அனுபவத்தைப் பற்றி 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் பேசுவது உண்மை. நல்லெண்ணத்தோடு செய்த உதவியும் அந்த அச்சத்தைக் கிளறி, வாய்ப்பைக் கெடுத்துவிடும்.

பவர் பத்திரமும் பணமும்

பிரான்சிலிருந்து எல்லாரும் நேரில் வந்து கையெழுத்திட இயலாது. அதற்காகவே அதிகாரப் பத்திரம் என்ற ஏற்பாடு உள்ளது. அது முறையாக இருந்தால் தவறேதுமில்லை. வெளிநாட்டில் வாழ்பவர் அங்குள்ள நோட்டரி அல்லது இந்தியத் தூதரக அதிகாரி முன் கையெழுத்திட்டு அத்தாட்சி பெற வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்ட விதி. அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். பத்திரத்தைக் கண்டவுடன் மூன்று கேள்வி கேளுங்கள்: கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா? விற்கவும் பணம் பெறவும் அதிகாரம் கொடுத்திருக்கிறாரா, அல்லது வீட்டைப் பார்த்துக்கொள்ள மட்டுமா? இன்றும் அதை ரத்து செய்யாமல் வைத்திருக்கிறாரா? இவற்றுக்கு அவரிடமே, அவர் முகம் பார்த்து, விடை பெறுங்கள். இப்போது கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுவது எளிது.

"பவரும் அக்ரிமெண்டும் எழுதி வாங்கிக்கொண்டால் போதும், பதிவுச் செலவு மிச்சம்" என்று சொல்வோரை நம்பாதீர்கள். அவ்வகைக் கைமாற்றங்களால் சொத்துரிமை வந்து சேராது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபர் 11 அன்று தெளிவாகத் தீர்ப்பளித்துவிட்டது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் கிரயத்துக்குப் பதிவு கட்டாயம்.

வரியைப் பற்றி ஒரு முக்கியச் செய்தி. விற்பவர் இந்தியாவில் வாழ்பவராயின், விலை 50 லட்சம் ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் வாங்குபவர் வரிப் பிடித்தம் செய்ய வேண்டியதில்லை. விற்பவர் வெளிநாட்டில் வாழ்பவராயின் அந்த வரம்பு கிடையாது. சிறிய வீடாயினும் வாங்குபவரே வருமான வரியைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். தவறினால் வரியையும் வட்டியையும் வாங்கியவரிடமே கேட்பார்கள். பிடித்தத்தைக் குறைக்குமாறு வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே சான்று பெற விற்பவருக்கு வழியுண்டு. இதை முதலிலேயே பேசிக்கொண்டால் கடைசி நாளில் மனத்தாங்கல் வராது. விற்பவர் இந்தியக் குடிமகனா, ஓ.சி.ஐ. அட்டை உள்ள பிரெஞ்சுக் குடிமகனா, அட்டை இல்லாதவரா என்பதைப் பொறுத்து அந்நியச் செலாவணி விதிகள் மாறும். இதை வங்கியிலும் பட்டயக் கணக்கரிடமும் கேட்டுத் தெளிக.

பணத்தை ரொக்கமாகக் கொடுக்க வேண்டா. மனை, வீடு விற்பனைக்கு 20,000 ரூபாயும் அதற்கு மேலும் முன்பணமாக ரொக்கத்தில் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. வங்கி வழியே உரிமையாளர் கணக்குக்கு நேராகச் செலுத்துங்கள். அது அவர்களுக்கும் நன்மையே. கணக்கில் வந்து வரி கட்டிய பணத்தைத்தான், ஓராண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் என்ற வரம்புக்குள், அவர்கள் தம் நாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியும். உண்மை விலையைக் குறைத்து எழுதச் சொல்வது அரசை ஏமாற்றுவதோடு அவர்களையும் சிக்கலில் ஆழ்த்தும்.

இன்னொன்றும் உண்டு. வீடு இருக்கும் இடம் தனியார் மனைதானா என்று பாருங்கள். அரசு ஏழைகளுக்கு வழங்கிய இலவச மனைப்பட்டாவாக இருந்தால் அதன் நிபந்தனைகளைப் படியுங்கள். கோவில் நிலம், புறம்போக்கு ஆகியவற்றின் மேல் எழுந்த வீடுகளும் உண்டு.

பின்கட்டில் வாழ்பவர்

பூட்டிய வீடு என்று நாம் சொல்லும் பலவற்றில் உண்மையில் ஓர் உயிர் இருக்கிறது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை கூட்டிப் பெருக்கி, பின்புறக் கொட்டகையில் வாழும் ஒரு முதியவர். அவருக்கு மாதம் சிறு தொகை வரும், வராமலும் போகும்.

வீட்டைப் பார்த்துக்கொள்பவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் அதனால் மட்டும் அவர் உரிமையாளர் ஆகிவிடமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் கோவாவைச் சேர்ந்த ஒரு குடும்ப வழக்கில் கூறியது. அதே வேளையில் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் வாங்குபவருக்கும் ஒரு கடமையை வைத்திருக்கிறது. சொத்தில் ஒருவர் குடியிருந்தால், அவருக்கு என்ன உரிமை இருக்கிறதோ அதை வாங்குபவர் அறிந்தவராகவே கருதப்படுவார். "எனக்குத் தெரியாது" என்று பின்னர் சொல்ல முடியாது. எனவே அவரிடம் சென்று, அமர்ந்து, எவ்வாறு வந்தார், என்ன வாக்குக் கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். வில்லங்கச் சான்றில் வராத செய்திகள் அவரிடம் இருக்கும்.

சட்டம் இவ்வளவில் நிற்கலாம். மனச்சான்று இவ்வளவில் நிற்காது. முன்னர்க் குறிப்பிட்ட மகள் விதித்த நிபந்தனை இதைப் பற்றியதே. அவர் தந்தை காலத்திலிருந்து சாவி வைத்திருந்த மூதாட்டிக்கு வேறு போக்கிடம் இல்லை. "ஆயாவை வெளியே அனுப்பக் கூடாது" என்றார் மகள். பின்புறத்தில் 90 சதுர மீட்டர் பகுதி தனியே அளக்கப்பட்டு, மூன்று வாரிசுகளும் சேர்ந்து அம்மூதாட்டிக்குத் தானமாக எழுதிப் பதிவு செய்தார்கள், எஞ்சியதே விற்கப்பட்டது. வாங்கியவர்களுக்குத் தோட்டம் குறைந்தது. விலையும் அவர்கள் நினைத்ததை விடச் சற்றுக் கூடுதலே. வங்கிக் கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அவர்கள் வீட்டைப் பற்றி ஊரில் எவரும் ஒரு குறைச்சொல் சொன்னதில்லை.

கேட்பதும் மறுப்பதும்

விவிலியத்தில் நிலம் வாங்கிய செய்தி ஒன்றுண்டு. மனைவி சாராவை அடக்கம் செய்ய இடம் தேடிய ஆபிரகாம் அந்த நாட்டுக்கு அந்நியர். அவர் நேராகச் சென்று விலை பேசவில்லை. ஊர்ப் பெரியவர்களை வணங்கி, உரியவரான எப்ரோனிடம் தமக்காகப் பேசுமாறு வேண்டினார். இலவசமாகத் தருகிறேன் என்றபோதும் முழு விலையைக் கொடுக்கவே விரும்பினார். ஊர் வாயிலில் அனைவர் முன்னிலையிலும் 400 வெள்ளிக்காசை நிறுத்துக் கொடுத்தார். ஊரறியக் கேட்டு, நியாய விலை கொடுத்து, சாட்சிகளோடு முடித்தார். நம் பதிவு அலுவலகங்களும் வில்லங்கச் சான்றுகளும் இதே அறத்தின் புதிய உருவங்கள்தாம்.

அதே விவிலியத்தில் நாபோத்தின் திராட்சைத் தோட்டமும் இருக்கிறது. முன்னோர் சொத்தை விற்க அவன் மறுத்தான், கேட்டவனோ அரசன். அந்த மறுப்பை ஏற்க மனமின்றி, பொய்ச் சாட்சிகளை ஏற்படுத்தி, ஒரு குடும்பத்தின் உரிமையைப் பறித்தார்கள். அன்று பொய்ச் சாட்சி. இன்று பொய்ப் பத்திரம். வேறுபாடு அவ்வளவே.

ஆகவே, அன்பர்களே, கேட்பது நம் உரிமை. மறுப்பது அவர்கள் உரிமை. மறுத்துவிட்டால் வேறு வீடு தேடுவோம். ஒப்பினால், எல்லா வாரிசுகளின் கையொப்பத்தோடும், உண்மை விலையோடும், பின்கட்டில் இருப்பவரையும் மறவாமல் வாங்குவோம். கடல் கடந்து வாழும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊரில் வீடு வைத்திருப்பவர்கள் பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள். பழைய அதிகாரப் பத்திரம் ஏதேனும் யாரிடமாவது இருந்தால் அதை முறைப்படி ரத்து செய்யுங்கள். இறந்த பெற்றோரின் பெயரிலேயே சொத்தை விட்டுவைக்காதீர்கள். நேர்மையான ஒருவர் கடிதம் எழுதிக் கேட்டால், விற்பதானாலும் இல்லையானாலும், ஒரு வரி பதில் எழுதுங்கள். அந்த ஒரு வரிக்காக இங்கே ஒரு குடும்பம் நாள்தோறும் தபால்காரரின் வரவை எதிர்பார்த்திருக்கலாம்.